கப்பல் நின்ற எட்டு மணித்தியாலம்

கிளிநொச்சியில் போரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்த காலம் ஒன்று இருந்தது. ஏ9 பாதை திறந்த பிறகு, 2010, 2011 அளவில். பஸ் நிற்கும், ஐம்பது அறுபது பேர் இறங்குவார்கள், தாங்கியின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், பக்கத்திலிருந்த கடையில் ஏதாவது வாங்குவார்கள். கால் மணித்தியாலத்தில் பஸ் வெளிக்கிட்டுவிடும். அங்கே வைத்திருந்த பலகையில் தாங்கி எப்படி விழுந்தது என்று இருந்தது. அதிலிருந்து தண்ணீர் குடித்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் வீதியின் மறுகரையில் வட்டக்கச்சி பஸ்ஸுக்கு நின்றபடி இதையெல்லாம் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருப்பேன். கால் மணித்தியாலத்தில் இவர்கள் எங்கள் ஊரில் என்னத்தைக் கண்டார்கள்?

2024 செப்டம்பரில், குரோவேசியாவின் டுப்ரோவ்னிக் நகரத்துத் துறைமுகத்தில் கப்பலின் படியால் இறங்கும்போது அந்தப் பஸ்கள் ஞாபகம் வந்தன. இப்போது இறங்குகிறவள் நான். கையில் எட்டு மணித்தியாலம்.

கப்பல் பயணம் அண்ணாவின் ஏற்பாடு. ஜேர்மனிக்குப் போய் இருபத்தெட்டு வருடமாகிறது, அம்மாவோடு ஒரு கிழமை எங்காவது போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். விசா எடுத்த கதையை எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும், விடுவோம். இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து ஏழு நாள். குரோவேசியா 2023 ஜனவரியில் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் எங்கள் இருவருக்கும் அதே விசாவே போதும் என்று அண்ணா முதலிலேயே விசாரித்து வைத்திருந்தார்.

அம்மாவுக்கு 68 வயது. கப்பலின் பன்னிரண்டு மாடியையும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "புதுமாத்தளனுக்கு வந்த கப்பல் இதில கால்வாசியும் இல்லை" என்றார். 2009இல், போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரத்துப் புதுமாத்தளனுக்குக் காயக்காரரை ஏற்றவந்த செஞ்சிலுவைக் கப்பலைத்தான் சொல்கிறார். அம்மா அதில் ஏறவில்லை. வள்ளத்தில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றுவதைக் கரையில் நின்று பார்த்தவர். அண்ணி சட்டென்று கதையை மாற்றி, இரவுச் சாப்பாட்டுக்கு எந்த மேசை என்று கேட்டார்.

ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பலே சுற்றுலா விற்கிறது. பஸ், வழிகாட்டி, கையில் ஒரு இலக்கத் தடி, அதன் பின்னால் நாற்பது பேர். டுப்ரோவ்னிக்குக்கு ஆளுக்கு 60 யூரோ. அம்மா ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தார். "இருபதினாயிரமோ? நடக்கிறதுக்கோ?" அண்ணா குடும்பம் பிள்ளைகளுக்காக அதில் போனது. நானும் அம்மாவும் தனியாகப் போகிறோம் என்றேன். அண்ணாவுக்குப் பயம். காரணம் இல்லாமல் இல்லை. கப்பல் விற்ற சுற்றுலாப் பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் பிந்தினால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே வழிதேடிப் போகவேண்டும். எங்களுக்கு மாலை 4.30க்குள் ஏறவேண்டும், ஐந்துக்குப் புறப்பாடு. முதல்நாள் இரவு அறைக்கு வரும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். அதை அண்ணா ஒரு துண்டில் எழுதி, பாஸ்போர்ட் பிரதியோடு என் பையில் வைத்தார். தனியாக இறங்குகிறவர்கள் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது. அம்மா காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தையும் நாலு துண்டுப் பாணையும் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டார். அதைக் கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கப்பல் நிற்கும் குரூஷ் துறைமுகம் பழைய நகரத்திலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவில். நடக்கலாம், ஆனால் ஏற்றம். வாசலிலேயே டக்சிக்காரர் மொய்ப்பார்கள், அவர்களைக் கடந்து வீதிக்கு வந்தால் சாதாரண ஊர் பஸ் வருகிறது. ரிக்கெற்றைச் சாரதியிடம் எடுப்பதைவிடக் கடையில் எடுத்தால் மலிவு. பதினைந்து நிமிடத்தில் பீலே வாசல், மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள் போகிற வாசல். வேலைக்குப் போகிற ஒரு பெண் எழும்பி அம்மாவுக்கு இடம் கொடுத்தார். அம்மா அவருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

பீலே வாசலைத் தாண்டி உள்ளே போனதும் சுவரில் ஒரு வரைபடம். பெரும்பாலானவர்கள் அதை நகர வரைபடம் என்று நினைத்து நின்று, அல்ல என்று கண்டதும் போய்விடுகிறார்கள். யூகோஸ்லாவியா உடைந்த போரில், 1991, 1992இல் மதிலுக்குள் எந்தெந்தக் கட்டடத்தில் செல், அதாவது எறிகணை, விழுந்தது என்பதைக் குறித்த படம் அது. கூரையில் நேரடியாக விழுந்ததற்கு முக்கோணம். எரிந்தே போன வீட்டுக்குச் சிவப்பு. ஒரு நகரம் தன் காயத்தை வாசலிலேயே, வீட்டுக்கு வீடு கணக்காக எழுதி வைத்திருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அடித்தவர்கள் யார் என்பதை யூகோஸ்லாவிய இராணுவத்தின் பெயரோடு நிறுத்தாமல் இனங்களின் பெயரோடும் தலைப்பில் போட்டிருந்தார்கள். அது எனக்கு நெருடியது. ஒரு இனத்தை அப்படி மொத்தமாகப் பலகையில் எழுதுவதை இந்தப் பக்கம் நின்றும் அந்தப் பக்கம் நின்றும் பார்த்த ஊர்க்காரி நான்.

நான் வாசித்து முடிக்க முதலே அம்மா தண்ணீர் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே நுழைந்தவுடனே வட்டமாக, மேலே கூரைமுடி வைத்த ஒரு பெரிய நீரூற்று. பதினாறு பக்கம், பக்கத்துக்கு ஒரு கல்முகம், முகத்தின் வாயால் தண்ணீர். 1438இல் ஒனோஃப்ரியோ என்ற இத்தாலியக் கட்டடக்காரரைப் பிடித்து, ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்து ஊற்றிலிருந்து வாய்க்கால் கட்டிக் கொண்டுவந்த தண்ணீர். இன்றைக்கும் குடிக்கலாம். அம்மா ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, "கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கு" என்று போத்தலை நிரப்பினார். சுற்றுலா நகரத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நீரூற்றுக்கு எதிரே பிரான்சிஸ்கன் துறவிகள் மடம். அதற்குள் ஒரு மருந்துக்கடை, 1317இல் தொடங்கியது. நான் ஆஸ்பத்திரி மருந்தாளர், வேறு எதை விட்டாலும் இதை விடமுடியாது. பழைய ஜாடிகள், தராசு, உரல், கைப்பட எழுதிய மருந்துக் குறிப்புகள் ஒரு பக்கம். மறு பக்கத்தில் இப்போதும் மருந்து விற்கிறார்கள், சுற்றுலாக்காரர் ரோசாக் களிம்புக்கு வரிசையில் நிற்கிறார்கள். இதே நகரம்தான் 1377இல், கொள்ளைநோய் நடமாடும் ஊர்களிலிருந்து வருகிற எவரும் முப்பது நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. உலகத்தின் முதல் தனிமைப்படுத்தல் சட்டங்களில் ஒன்று. கொவிட் காலத்தில் கிளிநொச்சியில் பதினாலு நாள் கணக்கை ஆட்களுக்கு விளங்கப்படுத்திக் களைத்தவள் நான். கப்பலில் வந்த பயணி நானும் அந்தக் காலமென்றால் வெளியேதான் இருந்திருப்பேன்.

இந்த நகரம் முன்பு ரகூசா என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்தது. படைபலம் பெரிதாக இல்லை, வியாபாரமும் தூதும்தான் பலம். ஒஸ்மானிய சுல்தானுக்கு வருடம் 12,500 தங்க நாணயம் திறை கட்டித் தன் கொடியைக் காப்பாற்றிக்கொண்டது. வாசிக்கும்போது எங்கள் வன்னிமைகள்தான் நினைவுக்கு வந்தன. ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுப்பதும், கொடுக்காமல் இழுத்தடிப்பதுமாகக் காட்டுக்குள் தங்கள் ஆட்சியை நடத்தியவர்கள். பண்டார வன்னியன் கற்சிலைமடுவில் வெள்ளையரிடம் தோற்றது 1803 ஒக்ரோபர் 31. ரகூசாவுக்குள் பிரெஞ்சுப் படை புகுந்தது 1806, குடியரசைக் கலைத்தது 1808. ஒரே பத்து ஆண்டுக்குள் இரண்டு சின்ன நாடும் முடிந்தன. ஒன்றின் மதில் நிற்கிறது, மற்றதுக்கு மதிலே இருக்கவில்லை. காடுதான் மதில்.

சரி, மதிலுக்கு வருவோம். அந்த நகரத்தில் ஒன்றே ஒன்று செய்ய நேரமிருந்தால் மதிலில் ஏறி நடக்கவேண்டும். 1,940 மீற்றர் சுற்று, சில இடத்தில் 25 மீற்றர் உயரம், ஒரே திசையில்தான் நடக்கலாம். பத்து மணிக்கு முதல் ஏறிவிட வேண்டும், அதற்குப் பிறகு மேலே நிழல் இல்லை, சனமும் கூடிவிடும். நாங்கள் போன 2024இல் ரிக்கெற் ஆளுக்கு 35 யூரோ. இரண்டு பேருக்கு 70. கப்பல் சுற்றுலாவுக்கு ஒரு ஆளுக்கு 60 என்று கேட்டு மூக்கில் விரல் வைத்த அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் இணையம் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஏறுகிற படி செங்குத்து. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் நோ. "ஏலாட்டி இறங்குவம் அம்மா" என்றேன். "வட்டுவாகலாலை நடந்து வந்த கால் இது. பேசாமல் ஏறு" என்றார். 2009 மேயில் சனம் போருக்குள்ளிருந்து வெளியே நடந்து வந்த இடம் வட்டுவாகல்.

மேலே வந்தால் வலப்பக்கம் கடல், இடப்பக்கம் முழுக்கக் கூரை. எல்லோரும் கடலைப் படம் எடுத்தார்கள். நானும்தான். அம்மா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூரைகளைப் பார்த்தார். ஏதோ எண்ணுகிறார் போல இருந்தது.

"பிள்ளை, உந்த ஓடுகளைப் பார். உது புதுசு. அங்காலை இருக்கிறது பழசு. அது திரும்பப் புதுசு." விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். "இஞ்சையும் செல் விழுந்திருக்கு, என்ன?"

வாசலிலிருந்த வரைபடத்தில் என்ன இருந்தது என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு அந்த எழுத்தும் தெரியாது. கூரையைப் பார்த்துச் சொன்னார்.

அவர் காட்டிய பிறகு எனக்கும் வேறெதுவும் கண்ணில் படவில்லை. பழைய ஓடுகள் கையால் செய்தவை. ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல், ஒன்று பாசி பிடித்த பழுப்பு, ஒரே கூரையில் பத்து நிறம். புதியவை ஒரே அச்சு, ஒரே செம்மஞ்சள். முப்பது வருட வெயில் அவற்றையும் கொஞ்சம் மங்க வைத்திருக்கிறது, ஆனாலும் தெரிகிறது. பழைய நகரத்தில் 824 கட்டடம், அவற்றில் 563இல் செல் பட்டது. ஒன்பது கட்டடம் எரிந்தே போயின. 1991 ஒக்ரோபரில் தொடங்கிய முற்றுகை, டிசம்பர் 6ஆம் திகதி மிக மோசம். யுனெஸ்கோ 1979இலேயே உலக மரபுரிமை என்று அறிவித்த நகரம் என்பதால் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது, ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் போட்டது, 1998இல் எடுத்தது. அடித்த பக்கத்துக் கடற்படை அதிகாரி ஒருவர் ஹேக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏழு வருடத் தண்டனை பெற்றார். பொதுமக்களைக் கொன்றதோடு வரலாற்றுக் கட்டடங்களைச் சேதப்படுத்தியதும் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தது. இந்த இடத்தில் நான் எழுத நினைத்ததை எழுதாமல் விடுகிறேன், வாசிக்கிறவர்களில் வன்னிக்காரருக்கு அது தெரியும்.

அம்மாவுக்கு ஓடு என்றால் ஏன் இப்படி என்று சொல்லவேண்டும். எங்கள் பழைய வீட்டுக்கு அப்பா ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து உழவு இயந்திரத்தில் ஓடு ஏற்றிவந்து போட்டவர். கிடுகும் தகரமுமாக இருந்த ஒழுங்கையில் அது ஒரு பெருமை. 2008 கடைசியில் செல் கிட்ட வந்தபோது அந்தப் பெருமையே வினையாகியது. தகரக் கூரைக்காரர் தகரத்தைக் கழற்றி, சிலாகையையும் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் மரத்தடியில் நாலு தடி நட்டால் வீடு. பிறகு அதே தகரம் பங்கருக்கு மேல்மூடி. வன்னிச் சனம் கூரையைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம். ஓட்டை என்ன செய்வது? நாங்கள் கதவையும் யன்னலையும் மட்டும் கழற்றினோம். கதவு விசுவமடு வரை வந்தது. யன்னல் உடையார்கட்டு. அதற்குப் பிறகு எங்களிடம் இருந்தது அம்மாவின் சேலைகள்தான். அவற்றையும் தைத்து மண் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கினோம்.

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது சுவர் இடுப்பளவுக்கு நின்றது. முற்றமெல்லாம் ஓட்டுத்துண்டு. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது. கூரைக்குச் சீற் போட்டால் கொஞ்சம் மிஞ்சும், அதில் மலசலகூடத்துக்கு வாசல்கதவு போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா ஓடுதான் என்று நின்றார். அந்த ஓட்டுக்கு எடுத்த கடனை நான் மூன்று வருடம் கட்டினேன்.

மதிலில் பாதிச் சுற்று முடிகிற இடத்தில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், இறங்க வாசல் இருக்கிறது. இறங்கவில்லை. மின்ச்சேட்டா கோபுரம்தான் ஆக உயரம், அதன் அடிவரை வந்து அம்மா ஒரு கல்லில் இருந்தார். கீழே ஒரு கூரையில் ஒரு பாதி பழைய ஓடு, ஒரு பாதி புதிய ஓடு. "உவன் கெட்டிக்காரன். உடைஞ்சதை மட்டும் மாத்தியிருக்கிறான்" என்றார். அந்த வீட்டுக்காரருக்கு இப்படியொரு சான்றிதழ் கிடைத்தது தெரியாது.

கீழே இறங்கி ஸ்ட்ராடூன் என்ற பெரிய தெருவால் வந்தோம். முந்நூறு மீற்றர், சுண்ணக்கல் பாவியது, நடந்து நடந்தே பளிங்காகிவிட்டது. அதன் முடிவில் ஸ்பொன்சா மாளிகை. அதற்குள் ஒரு சிறிய அறை, நகரத்தைக் காக்கப் போய் இறந்தவர்களின் படங்கள் சுவர் முழுக்க. பெயர், வயது. எல்லோரும் பொடியன்கள். பெரும்பாலும் எங்களைத் தவிர ஒருவரும் நிற்கவில்லை, ஐஸ்கிறீம் நக்கியபடி ஒரு பிள்ளை எட்டிப்பார்த்துவிட்டு ஓடியது. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். கிளிநொச்சி கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லத்தில் இடித்துப்போட்ட கல்லறைத் துண்டுகளைச் சனம் பொறுக்கி அடுக்கி வைத்திருக்கும் வளவை நினைத்தாரா என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் பாணைச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டது ஒரு பக்க ஒழுங்கையின் படிக்கட்டில். மேலே கயிற்றில் உடுப்புக் காய்ந்த வீடு அந்த ஒழுங்கையில் ஒன்றுதான். மற்றதெல்லாம் வாடகை அறை, இலக்கம் போட்ட பூட்டுப் பெட்டி. சத்தம் முழுக்கச் சில்லுப் பெட்டிகள் கல்லில் உருளும் சத்தம். இந்த நெரிசல் தாங்காமல் 2019இல் கப்பல் கம்பனிகளோடு பேசி, ஒரு நேரத்தில் இரண்டு கப்பல், நாலாயிரம் பயணி என்று நகரம் மட்டுப்படுத்தியது. அந்த நாலாயிரத்தில் இரண்டு பேர் நாங்கள். அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "மத்தியானம் ஒரு மணி. ஒரு வீட்டிலயும் சமைக்கிற மணம் வரேல்லை."

அவர் அதைக் குறையாகச் சொன்னாரா, இரக்கப்பட்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கூரையெல்லாம் திருத்தியாகிவிட்டது, கீழே ஆளில்லை. எங்கள் ஒழுங்கையில் கூரை வர ஐந்து வருடம் சென்றது, ஆனால் முதல் கிழமையே தறப்பாளுக்குக் கீழே அடுப்பு எரிந்தது.

இரண்டரைக்குப் பீலேக்கு வந்துவிட்டோம். அங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. வந்த பஸ்தானே திரும்பும் என்று நினைத்தேன். எல்லாக் கப்பல்காரருக்கும் அதே நினைப்பு. முதல் பஸ்ஸில் ஏறவே முடியவில்லை. இரண்டாவதில் கதவு என் முகத்துக்கு முன்னால் மூடியது. மூன்றாவதில் அம்மா முழங்கையைப் பாவித்தார், முறிகண்டியில் பஸ் ஏறிப் பழகிய முழங்கை. துறைமுகத்துக்கு வரும்போது நாலு மணி கடந்துவிட்டது. அண்ணா கப்பலின் படியடியில் நின்றார். கையில் தொலைபேசி, முகத்தில் நிறம் இல்லை. "எல்லாம் பாத்தியளோ?" என்றார். அவர்களுக்கு வழிகாட்டி மதிலைக் கீழே நின்றுதான் காட்டினாராம்.

இது நடந்து இப்போது சில மாதம். போன ஞாயிறு மழை. ஓட்டில் ஒரு இடத்தில் ஒழுக்கு, அம்மா வாளியை வைத்துவிட்டு வந்து, "ஒரு கொப்பி எடு" என்றார். எங்கள் ஒழுங்கையைக் கீறச் சொன்னார். கோயிலடியிலிருந்து வாய்க்கால் வரை, 2008இல் இருந்தபடி. அவர் சொல்லச் சொல்ல நான் பெட்டி பெட்டியாகக் கீறினேன். எது ஓடு, எது தகரம், எது கிடுகு. எந்தக் கூரை விழுந்தது, எது கழற்றிக் கொண்டுபோனது. விழுந்ததற்கு முக்கோணம் போடச் சொன்னார். அன்று வாசலில் நான் வாசித்ததைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

முப்பத்தொரு வீட்டில் இருபத்தொன்பது முடிந்தது. ஒரு வீட்டுக்காரர் ஒருவருமே திரும்பி வரவில்லை, அந்தப் பெட்டியை வெறுமையாக விடச் சொன்னார். மற்றது வாய்க்கால் கரை வீடு. அம்மா கிடுகு என்கிறார். பின்வளவு மாமி தகரம் என்கிறார், அந்தத் தகரத்துக்குக் கீழே தான் இரணைப்பாலையில் ஒன்பது நாள் இருந்ததாகவும் சொல்கிறார். அந்த வீட்டுப் பெண் இப்போது லண்டனில். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு லீவு, அன்றைக்கு எடுத்துக் கேட்கவேண்டும்.